படுவான்கரைக் கிராமிய வைத்தியசாலைக்கு நலோக்சோன் ஊசிமருந்து வேண்டி மூன்றாவது மனு

சுகாதார சேவைகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கட்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

மோர்பின் போன்ற மருந்துகளால் அடங்கும் மூச்சை மீட்கும் நலோக்சோன் வேண்டி வைகாசியிலும் ஆவணியிலும் பதிவுத் தபாலில் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வராமையால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் பக்கம் தாங்கள் அறியாததல்ல. மாரியில் வயல் வீதியை வெள்ளம் மூடினால் நோயாளியை உழவு இயந்திரப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும்.

1. என் தாயார் புற்றுநோய் வலிக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த மோர்பின் எடுத்துவந்தார். சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் அந்த மருந்தின் எச்சம் தேங்கிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஓர் அதிகாலை தட்டியும் எழவில்லை. கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. தேவையான மருந்து இன்னதென்று அவருக்குத் தெரியும். அலுமாரியைத் திறந்து காட்டினார். நலோக்சோன் வைக்கும் தட்டு வெறுமையாக இருந்தது.

2. மண்முனைப் பாலம் கடந்து நகருக்குப் போகும்வரை மூச்சுக் கொடுக்கும் முகமூடிப் பையை அமுக்கிக்கொண்டே போனோம். தாதியின் கை சோர்ந்தபோது நான் வாங்கி அமுக்கினேன். முக்கால் மணி நேரம்! நகரில் மருந்தைச் சிறுகச் சிறுகத்தான் ஏற்றினார்கள். ஒரேயடியாக ஏற்றினால் அடங்கியிருந்த வலி முழுவதும் திரும்பிவிடுமாம். சில நிமிடங்களில் அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். சில நிமிடங்கள்தான், ஐயா. அதை எங்கள் ஊரிலேயே செய்திருக்கலாமே!

3. இது புதிய மருந்தல்ல. அமெரிக்காவில் 1971இல் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மோர்பினோ ஹெரோயினோ மூளையில் பற்றியிருக்கும் இடத்திலிருந்து (ஏற்பி) அதை விலக்கித் தான் அமர்ந்துகொள்ளும். போதை தராது. “போதைக்காரர்களுக்கான மருந்து உங்கள் ஊருக்கு எதற்கு?” என்று தொலைபேசியில் கேட்டார்கள். என் தாயார் போதைக்காரியா? ஹெரோயினால் மூச்சடங்கிக் கிடப்பவன் என்றாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே? அவனைச் சாக விடலாமா?

4. குப்பி ஒன்றை அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று கோப்பை மூடிவிட வேண்டாம். இம்மருந்தின் வீரியம் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும். மோர்பின் அதற்குப் பிறகும் உடலில் நிற்கும், மூச்சு மறுபடியும் தளரும். நோயாளியை வைத்துப் பார்க்க வேண்டும், திரும்பவும் ஏற்ற வேண்டும்.

5. 0.4 மில்லிகிராம் குப்பிகள். கேட்பது அவ்வளவுதான்.

ஐயா, மாரி தொடங்குமுன் அனுப்பிவையுங்கள். அந்தத் தட்டு இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
படுவான்கரை வாசி