அகழி முடியற எடத்துலதான் எங்க இட்டேறி இருக்குதுங்க

அகழி வெட்ட உத்தரவு போட்ட அதிகாரிங்களுக்கு வணக்கங்க,

கேரளா பார்டர்ல இருக்கற வாளையாறுக்கு இந்தப் பக்கம் மலையடிவாரத்துல வாழை போட்டிருக்கறவன் எழுதறேன். யானை ஊருக்குள்ள வராம இருக்க நீங்க வெட்டுன அகழியத்தான் சொல்றேன், உங்க ஆளுங்களும் வந்து பாத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் கேக்கறது ஒண்ணுதான், ஓடைப்பக்கம் இருந்த பழைய யானை வழிய தெறந்து விடுங்க.

யானையால தாண்டிக் குதிக்க முடியாது, அத்தன பெரிய ஒடம்பு, நாலு காலையும் ஒண்ணா தூக்காது. அது தெரிஞ்சுதான் அகழி வெட்டறீங்க, சரி. ஆனா குழியப் பாத்ததும் காட்டுக்கே திரும்பிரும்னு யாருங்க சொன்னாங்க? குழி ஓரமாவே நடந்து, அது எங்க முடியுதோ அங்க எறங்குது. பாறை வந்துருச்சுன்னு நீங்க வெட்டறத நிறுத்துன எடம் எங்க இட்டேறி, தோட்டத்து வேலிகளுக்கு நடுவுல போற நடைவழி.

அதுலதான் ப்ளஸ் டூ படிக்கற என் புள்ள காத்தால ஆறு மணி பஸ்ஸுக்குப் போகோணும். முன்னால நான் டார்ச்சோட, பின்னால எங்கம்மா தகரத்தத் தட்டிக்கிட்டு, நடுவுல அவ. யானைங்க குட்டிய நடுவுல விட்டுக் கூட்டிட்டுப் போற மாதிரியேதான். போன செவ்வாக்கெழம யானை லத்தி சூடா ஆவி பறந்துட்டு கெடந்துச்சு, திரும்பி வந்துட்டோம், மாடல் எக்ஸாம் போச்சு.

ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீவனம், 100 லிட்டருக்கு மேல தண்ணி வேணும், தின்னதுல பாதிகூட செரிக்காது, அப்பறம் நடக்காம என்ன பண்ணும்? கூட்டத்த நடத்தறது வயசான பொட்டை யானை, எந்த வறட்சில எங்க தண்ணி கெடைச்சுதுன்னு அதுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கெழவி நடந்த வழிய ஜேசிபி வெச்சு வெட்டிட்டு புது வழி கத்துக்கோன்னா எப்படிங்க?

பன்னிக்கும் அதே அகழி, அதே பட்டாசு. பன்னிக்கு வேர்த்து ஒடம்பு ஆறாது, சேத்தத் தேடித்தான் வரும், தண்ணி பாய்ச்சுன வாழைக்காடு அதுக்கு ஏசி ரூமு. அகழில எறங்கி ஏறி வந்துருது. மயில் பறந்தே வருது, அதுக்கு என்ன வெட்டுவீங்களோ.

பக்கத்து ஸ்டேட்காரங்க யானைய வெடி போட்டு இங்க வெரட்டறாங்க, நீங்க அங்க வெரட்டறீங்க, கொரோனா டைம்ல எங்ககிட்ட கேட்ட மாதிரி அதுககிட்டயும் ஈ-பாஸ் கேப்பீங்க போல. நடுவுல ரயில் ரோடு வேற. 2021 நவம்பர்ல நவக்கரைகிட்ட மூணு யானை அடிபட்டு செத்துச்சு. அப்பறம் மதுக்கரைல ஏஐ கேமரா வந்துச்சு, சந்தோசம். யானை வருதுன்னு கேமரா சொல்லிரும், ஏன் அங்க வருதுன்னு நாமதான யோசிக்கோணும்?

கோவிச்சுக்காதீங்க சார், ஜாஸ்தியா பேசிட்டேன். தயவு பண்ணி அந்தப் பழைய வழிய தெறந்து விடுங்க. அது வரைக்கும் காத்தால அஞ்சேமுக்காலுக்கு உங்க ஜீப்ப எங்க இட்டேறி மொனைல நிறுத்தச் சொல்லுங்க. மார்ச்சுல பப்ளிக் எக்ஸாமுங்க.