விடியற்காலை, இரவு நேர வியாபாரிகளையும் கணக்கெடுப்பில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
பேருந்து நிலையச் சாலை மற்றும் சந்தைத் தெரு சாலையோர வியாபாரிகள்
(பெயர், கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்
உயர்திரு நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்கள்,
நகராட்சி நிர்வாக இயக்குநரகம்,
சென்னை.

பொருள்: சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களைச் சேர்த்து அடையாள அட்டை வழங்கவும், அதுவரை கடைகளை அகற்றாமல் இருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

நான் எங்கள் ஊர் பேருந்து நிலையச் சாலையில் 19 வருடமாக இட்லிக்கடை போடுகிறேன். இந்த மனுவில் என்னோடு சேர்த்து 64 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கீரை விற்பவர்கள், பூக்கட்டுபவர்கள், பழ வண்டிக்காரர்கள், செருப்புத் தைப்பவர் ஒருவர், இரவு புரோட்டாக்கடை போடுபவர்கள் என எல்லாரும் இதில் உண்டு. 64 பேரில் 23 பேரிடம்தான் சாலையோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறது. மீதி 41 பேருக்கு இல்லை. இத்தனைக்கும் அட்டை வாங்கிய சிலரைவிட நாங்கள் பழைய ஆட்கள். எங்களுக்கு அட்டை கிடைக்காமல் போனதற்கு ஒரே காரணம், கணக்கெடுக்க வந்தவர்கள் பகல் 11 மணிக்கு வந்ததுதான்.

கீரைக்காரப் பெண்கள் விடியற்காலை 4 மணிக்கு முதல் பஸ்ஸில் கட்டுகளோடு வந்து இறங்குவார்கள். எட்டரைக்குள் விற்று முடித்து, சாக்கை உதறி மடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். நான் 5 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 10 மணிக்குள் பாத்திரம் கழுவி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன், மறுநாளைக்கு மாவு ஆட்ட வேண்டும். பூக்காரர்கள் வருவது சாயங்காலம் 4 மணிக்கு மேல். காலையில் நான் வண்டி நிறுத்தும் அதே இடத்தில்தான் இரவு 7 மணிக்குப் புரோட்டாக்கடை அண்ணன் கல்லைச் சூடாக்குகிறார். ஒரே இடத்தை நம்பி இரண்டு குடும்பம் பிழைக்கிறது. 11 மணிக்கு வந்து பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும்தான் இருக்கும்.

வந்தவர்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் கண்ணில் பட்டவர்களை எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் அது நடந்தது கொரோனாவுக்கு முன்பு. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் அந்தக் கெடு முடிந்தும் யாரும் திரும்ப வரவில்லை.

அட்டை இல்லாததால் முதல் அடி விழுவது கடைக்குப் போடும் முதல் பணத்தில்தான். 2020 ஜூனில் மத்திய அரசு, சாலையோர வியாபாரிகளுக்கு வங்கிக் கடன் தரும் பிஎம் ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. முதல் தவணைக் கடன் 10,000 ரூபாய் என்று இருந்து, இப்போது 15,000 ஆகியிருக்கிறது. ஈடு எதுவும் வேண்டாம். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் கணக்கில் வரும். நல்ல திட்டம். எங்களில் அட்டை வைத்திருப்பவர்கள் வாங்கிப் பயன் அடைந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வங்கிக்குப் போனால் அட்டை கேட்கிறார்கள். அட்டை இல்லாவிட்டால் உள்ளாட்சியிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிவரச் சொல்கிறார்கள். கடிதத்துக்கு நகராட்சிக்குப் போனால், பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம் எங்களுக்குத் தண்டல்காரரை விட்டால் வேறு வழி இல்லை. 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்து வியாபாரம் இல்லாத நாளிலும் அந்த 100 ரூபாயைக் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது அடி போன ஐப்பசியில் விழுந்தது. சாக்கடைக் கால்வாய் வேலை என்று சொல்லி, காலை 6 மணிக்கு ஜேசிபியும் லாரியும் வந்தன. முன்னறிவிப்பு இல்லை. என் குண்டானில் முதல் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்து இறக்குவதற்குள் வண்டியை ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த கீரைக்கார அக்காவின் அரைக்கீரைக் கட்டுகளை லாரியில் வீசினார்கள். கூடவே அவருடைய கல்லாப் பெட்டியும் போய்விட்டது. அன்றைக்கு முதல் கட்டு விற்ற காசு அதில் இருந்தது. எடுத்த சாமானுக்கு ஒருவருக்கும் பட்டியல் தரவில்லை. என் வண்டி 12 நாள் கழித்துத்தான் கிடைத்தது, அதுவும் ஒரு சக்கரம் கோணிப்போய். அக்காவின் பெட்டி இன்றுவரை வரவில்லை. அதே சாலையில் அட்டை வைத்திருந்த பழ வண்டிக்காரர்களை, "நீங்கள் ஓரமாகத் தள்ளிப் போங்கள்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

2014 சட்டத்தை எங்கள் பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. அகற்ற வேண்டிய நிலை வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சாமானை எடுத்தால் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தெருவில் வியாபாரம் செய்வதும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது.

எங்களைப் பற்றி வழக்கமாக இரண்டு பேச்சு உண்டு. வரி கட்டுவதில்லை, நடைபாதையை அடைக்கிறோம் என்பார்கள். நான் வாங்கும் 19 கிலோ சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறேன். எண்ணெய்க்கும் கட்டுகிறேன். அதை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. போதாததற்குத் தினமும் தரைக்கடைச் சுங்கமும் கொடுக்கிறோம். அதற்கு ரசீது கேட்டால் ஒரு நாள் தருவார்கள், மறுநாள் தரமாட்டார்கள். ரசீதில் ஒரு தொகை இருக்கும், கையில் வாங்குவது வேறு தொகையாக இருக்கும்.

நடைபாதை விஷயத்தில் குறை சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காலை 5 மணிக்கு என் வண்டி முன்னால் நிற்பவர்கள் யார் என்று ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போகும் சித்தாள்கள், ஆட்டோக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், இரவுப் பணி முடிந்து வரும் ஆஸ்பத்திரி ஆயாக்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட அவர்கள் கூலி இடம் தராது. நான் அரிசியும் உளுந்தும் வாங்குவது சந்தைத் தெருவில் உள்ள சின்ன மளிகைக்கடையில். தேங்காய் பக்கத்துக் கிராமத்துத் தோப்பிலிருந்து வருகிறது. வாழை இலைக்காரருக்குத் தினமும் காசு கொடுத்துவிடுவேன். என் வண்டி ஒரு நாள் நின்றால் இவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரு துண்டு விழும். இந்த நாட்டில் உழைப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல் எங்களைப் போல முறைசாராத் தொழிலில்தான் இருக்கிறார்கள். எங்களை ஒழுங்குபடுத்துங்கள் ஐயா, இல்லாதவர்களாக ஆக்கிவிடாதீர்கள்.

ஆகவே தாங்கள் எங்கள் நகராட்சியில் புதிய கணக்கெடுப்பு நடத்த உத்தரவிட வேண்டும். விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறை, பகலில் ஒரு முறை, இரவு 7 மணிக்கு மேல் ஒரு முறை எடுத்தால்தான் அது முழுக் கணக்காக இருக்கும். ஓர் இடத்துக்கு ஒரு பெயர் என்று எழுதாமல், நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் எனக்கும் புரோட்டாக்கடை அண்ணனுக்கும் தனித்தனி அட்டை கிடைக்கும். அது முடியும் வரை யாரையும் அகற்ற வேண்டாம். விடுபட்ட 41 பேருக்கும் வங்கிக் கடனுக்கான பரிந்துரைக் கடிதத்தை உடனே தரச் சொல்ல வேண்டும். இவற்றில் இந்தக் கடிதம்தான் மிக அவசரம்.

எங்கள் ஊரில், 2014 சட்டப்படி சாலையோர வியாபாரத்துக்காக அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடந்ததாக எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்தல் மூலம் வர வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் நடத்தித் தர வேண்டுகிறோம். சுங்கத் தொகையைப் பலகையில் எழுதி வைத்து, தினமும் ரசீது கொடுக்கச் செய்ய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய்யத் தயாராக இருக்கிறோம். கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டைத் தாண்ட மாட்டோம். ஆளுக்கொரு குப்பைத் தொட்டி வைத்துக்கொள்கிறோம். நான் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவு வைத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். கால்வாய் வேலை ஊருக்கு அவசியம் என்பதும் தெரியும். எந்த வாரம் எந்தப் பக்கம் தோண்டுகிறார்கள் என்று முன்கூட்டிச் சொன்னால் நாங்களே எதிர்ப்பக்கம் மாறிக்கொள்வோம்.

இந்த மனு மீது விசாரணைக்கு அதிகாரிகளை அனுப்பும்போது, தயவுசெய்து காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வரச் சொல்ல வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
இட்லிக்கடை வியாபாரி மற்றும் 63 பேர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், அட்டை உள்ளவர் இல்லாதவர் விவரம், சுங்க ரசீது நகல்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவு நகல்.