நிச்சயமின்மை என்பது நம் அறியாமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குவாண்டம் இயற்பியல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உண்மை, பொய் என்ற பாகுபாட்டை இந்த அறிவியல் ஒழித்துவிட்டது, இனி எல்லாமே பார்ப்பவர் மனதைப் பொறுத்தது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எங்கள் தெருவில் தியான வகுப்பு நடத்துபவர் அதை ஜெராக்ஸ் எடுத்து வீடுவீடாகக் கொடுத்தார். 31 வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள் என்பதால் எனக்கு மட்டும் இரண்டு பிரதி. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் சொன்னதில் பாதி சரி. சில சொற்களுக்கு நாம் வைத்திருக்கும் பொருள் போதவில்லை என்பது உண்மை. ஆனால் எந்தச் சொல்லுக்கு, எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் மொத்தத்தையும் தூக்கிப் போட முடியாது.

வகுப்பில் நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. மூன்று பழைய கால்குலேட்டர்களின் திரைமேல் ஒட்டியிருக்கும் போலராய்டு தாளை உரித்து எடுத்துக்கொள்வேன். அதைக் கடந்து வரும் ஒளி ஒரே திசையில்தான் அதிரும். இரண்டு தாள்களை அவற்றின் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒளி அறவே வராது. பின்னால் பல்பு எரிவதே தெரியாது. இப்போது மூன்றாவது தாளை 45 டிகிரி சாய்த்து அவற்றுக்கு நடுவில் செருகினால் வெளிச்சம் வந்துவிடும். கணக்குப்படி, முதல் தாளைக் கடந்ததில் கால் பங்கு. பிள்ளைகள் "டீச்சர், இன்னொரு தடவை" என்பார்கள். மாவு சலிக்கும்போது நடுவில் இன்னொரு சல்லடை வைத்தால் மாவு கூடுதலாக விழுமா என்று கேட்பேன். விழாது. அப்படியானால் இந்தத் தாள் சல்லடை அல்ல. ஏற்கெனவே இருக்கும் பண்பைப் பார்த்துப் பிரித்துவிடும் வேலையை மட்டும் அது செய்யவில்லை.

அலைக் கொள்கையும், தாளின் சாய்வுக்கேற்ப எவ்வளவு ஒளி வரும் என்று சொல்லும் மாலஸ் விதியும் போதுமே, இது 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம் அல்லவா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். சரிதான். ஆனால் ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக (ஒளியின் மிகச் சிறிய துணுக்கு) அனுப்பினாலும் இதே விகிதம்தான் வருகிறது. அரை ஃபோட்டான் வெளியே வருவதில்லை. வந்தால் முழுசு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'அல்லது' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "மாமா ரயிலில் வந்திருப்பார் அல்லது பஸ்ஸில் வந்திருப்பார்" என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது, எது என்று நமக்குத்தான் தெரியாது. 45 டிகிரி தாளைக் கடந்து வந்த ஃபோட்டானிடம் "நீ செங்குத்தா, கிடையா?" என்று சோதித்தால் ஏதாவது ஒரு பதில் கட்டாயம் வரும். ஆகவே "செங்குத்து அல்லது கிடை" என்ற வாக்கியம் எப்போதும் சரி. ஆனால் "45 டிகிரி, கூடவே செங்குத்து" என்று ஒரு நிலை கிடையாது. "45 டிகிரி, கூடவே கிடை" என்றும் கிடையாது. எட்டாம் வகுப்பில் அடைப்புக்குறியை விரித்து எழுதுவோமே, அந்தப் பங்கீட்டு விதி இங்கே உதவுவதில்லை: அடைப்புக்குறிக்குள் 'செங்குத்து அல்லது கிடை' என்று இருக்கும்வரை சரி, விரித்தால் வரும் இரண்டுமே இல்லை. 1936இல் கணிதவியலாளர்கள் பிர்க்காஃபும் ஃபான் நாய்மனும் சுட்டிக்காட்டியது இதைத்தான். கவனியுங்கள், விதிகளில் ஒன்றுதான் போனது. ஒரே ஃபோட்டான் ஒரே தாளைக் கடந்தது, கடக்கவில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவர்கள் யாருக்கும் உரிமை தரவில்லை. முரண்பாடு இன்றைக்கும் முரண்பாடுதான். வடிவவியலைத் திருத்தியதுபோலத் தர்க்கத்தையே திருத்த வேண்டும் என்று 1960களில் வாதாடிய தத்துவவாதி ஹிலரி புட்னம்கூடப் பிற்பாடு அந்த நிலையைக் கைவிட்டார்.

இரண்டாவது சொல் 'நிச்சயமின்மை'. ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்ற குவாண்டம் விதிக்கு நாம் வைத்திருக்கும் பெயர். இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். திருத்தி முடித்த விடைத்தாள் கட்டுக்குள் இருக்கிறது, மதிப்பெண் இன்னும் வரவில்லை. மதிப்பெண் என்னவோ அங்கே எழுதித்தான் இருக்கிறது; தெரியாதது நமக்கு. தமிழில் 'நிச்சயமின்மை' என்றதும் பிள்ளைகள் மனதில் வருவது இதுதான். அந்த விதியைத் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1927 கட்டுரையில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. துல்லியமின்மை, வரையறுக்கப்படாமை என்றெல்லாம் பொருள்படும் ஜெர்மன் சொற்களை மாற்றி மாற்றி எழுதினார். நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலம் வழியே, நம் மனநிலையைக் குறிக்கும் சொல்லாக.

விடைத்தாளில் எழுதித்தான் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடியும் என்பதுதான் ஆச்சரியம். ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி போட்டும் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை, கண்ணாடி போட்டு சைக்கிளில் வராதவர்களையும், சைக்கிளில் வந்து சாப்பாடு கொண்டுவராதவர்களையும் கூட்டினால் வருவதைத் தாண்டவே தாண்டாது. ஒவ்வொரு பிள்ளையும் சைக்கிளில் வந்திருப்பாள், அல்லது வந்திருக்க மாட்டாள், வேறு வழியில்லை. இந்தக் கணக்கை இரட்டையாகப் பிறந்த, ஒரே சாய்வில் சோதித்தால் ஒரே பதில் சொல்லும் ஃபோட்டான்களிடம் போடலாம். ஜோடிக்கு இரண்டு தாள், ஆளுக்கு ஒன்று. கண்ணாடி, சைக்கிள், சாப்பாடு இருந்த இடத்தில் தாளின் சாய்வு 0, 30, 60 டிகிரி. ஒன்று கடந்து மற்றது தடைபடுவது, தாள்களுக்கிடையே 30 டிகிரி இருந்தால் 25 சதவீதம். 0க்கும் 30க்கும் 25, 30க்கும் 60க்கும் 25; ஆகவே 0க்கும் 60க்கும் 50ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கணக்கு சொல்வதோ 75. இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் இப்படியொரு வரம்பைக் கண்டுபிடித்தார். 1972இல் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982இல் ஆஸ்பேயும் சோதித்தபோது குவாண்டம்தான் ஜெயித்தது. கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகைச் சோதனைகளுக்காகத்தான். தொலைவில் செய்யும் அளவீடு இங்கே உடனே கைவைக்காது என்று ஒப்புக்கொண்டால், அந்த ஃபோட்டான்கள் எல்லாக் கேள்விக்கும் விடையை முன்கூட்டியே எழுதி எடுத்து வரவில்லை. தெரியாமல் போன மதிப்பெண் அல்ல அது. கேட்கும் வரை எழுதப்படாத மதிப்பெண்.

அதனால் 'வரையறுபடாமை' என்று சொல்லலாம் என்பது என் யோசனை. வாயில் நுழையவில்லை என்றால் தமிழாசிரியர்கள் இன்னும் நல்லதாக ஒன்று கொடுக்கட்டும். எங்கள் பள்ளித் தமிழம்மாதான் ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் சொன்னார்: தர்க்கத்துக்குத் தமிழில் பெயரே அளவையியல்; மணிமேகலையில் வைதிக வாதி பத்து அளவைகளை அடுக்குகிறான், முதலாவது காண்டல், அதாவது நேரில் கண்டு அறிவது. அறியும் வழியை 'அளவை' என்று அழைத்த மொழியில், அளவீட்டைச் சுற்றியே சுழலும் இந்த அறிவியலுக்குச் சொல் கிடைக்காமலா போகும்? (உடனே, மணிமேகலையிலேயே குவாண்டம் இருக்கிறது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1950களில், எதையும் 'ஒரு வகையில்' என்றே சொல்ல வேண்டும் என்னும் சமணரின் சியாத்வாதத்தைப் புள்ளியியலோடு வைத்துப் பார்த்தார். அது ஒப்பீடு, பட்டா மாறுதல் அல்ல.)

அப்புறம் அந்த 'பார்ப்பவர்'. என் மூன்று தாள்களில் எதற்கும் மனம் கிடையாது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பலகையில் எழுதும்போதும் நடுத்தாள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எண்ணுவதும் கருவிதான். ஆராய்ச்சியாளர் காப்பி குடிக்கப் போனால் எண்ணிக்கை மாறுவதில்லை. மனதால் நினைத்து எதையும் வரவழைக்கலாம் என்று காசு வாங்கிச் சொல்லித்தருகிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும், சாட்சிக்கு ஹைசன்பர்க்கை இழுக்காமல் இருந்தால் சரி.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாள்கள் மூன்றும் இன்னும் என் பீரோவில் ஒரு தபால் உறைக்குள் இருக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் செய்து காட்டுகிறேன். பகலில் வரச் சொல்லுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் கரண்ட்டை நம்ப முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மயிலாடுதுறை.