ஒரு குடும்பத்துக்கு ஆறு நிமிடம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள், உறவும் நட்பும் கூடும்படி வீட்டிலேயே ஒரு விருந்து வைக்கப் போகிறோம், எதிலிருந்து தொடங்குவது என்றே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துபோனது. அவளுக்கு என் முத்தங்களைச் சொல். நீ கேட்டதற்கெல்லாம் விவரமாகவே எழுதுகிறேன், கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

தலைகளை எண்ணுவதிலிருந்து தொடங்கு. வீட்டில் எத்தனை பேர் உட்கார முடியும் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது அவளுடைய நேரம். விருந்து மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். சாப்பாட்டுக்கு 45, போட்டோவுக்கு 20, பழைய படங்களைக் காட்டவும் இரண்டு பேர் பேசவும் 20 போனால் மிச்சம் 95 நிமிடம். 40 பேர் வந்தால் சுமார் 15 குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆறு நிமிடம் கிடைக்கும். ஆறு நிமிடம் இருந்தால் ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசலாம். அதே மூன்று மணி நேரத்தில் 100 பேர் என்றால் குடும்பத்துக்கு இரண்டரை நிமிடம்தான். கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டியதுதான். வந்தவர்களுக்கும் குறை, அவளுக்கும் யார் யார் வந்தார்கள் என்பதே நினைவில் நிற்காது. பட்டியல் நூறைத் தாண்டியே தீரும் என்றால் ஒரே வேளையில் திணிக்காதே. பகலில் உறவினர், மாலையில் அவளுடைய பள்ளித் தோழிகள் என்று இரண்டாகப் பிரித்துவிடு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமாவது அவள் கால் நீட்டிப் படுக்க இடைவெளி வேண்டும்.

பட்டியலை எழுதும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பெற்றோர் மட்டும் உட்கார்ந்து எழுதினால் யாரெல்லாம் நம்மைக் கூப்பிட்டார்களோ அவர்களைத் திருப்பிக் கூப்பிடும் பட்டியலாகத்தான் அது முடியும். அவளைக் கேட்டால் நீ நினைத்தே பார்த்திராத பெயர்கள் வரும். கணக்கு சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, பள்ளி வண்டி ஓட்டுநர், நூலகப் பொறுப்பாளர் என்று. அந்தப் பெயர்களை முதலில் எழுது. அப்படியே இன்னும் மூன்று விஷயங்களையும் அவளிடம் கேட்டுவிடு. அவளைப் பேசச் சொல்லலாமா, மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் சொல்லலாமா, எந்தப் பழைய படத்தைக் காட்டக் கூடாது. பதினேழு பதினெட்டு வயதில் ஒரு படம் போதும், அன்று முழுக்க முகம் வாடிப்போக. அவள் வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்.

நாள் குறிப்பதில் பலரும் செய்யும் தவறு, பள்ளியில் விழா நடக்கும் அன்றே வீட்டிலும் வைத்துவிடுவது. அன்று எல்லோருமே களைத்திருப்பார்கள், விழா நேரத்துக்கு முடியாமல் இழுக்கும். அவளுடைய தோழிகள் எல்லோர் வீட்டிலும் அதே நாளில் கொண்டாட்டம் இருக்கும் என்பதால் யாராலும் வர முடியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள். தேர்வு முடிவு வரும் நாளோடும் இதை முடிச்சுப் போடாதே. இத்தனை ஆண்டுப் பள்ளி வாழ்க்கையை முடித்ததற்காக வைக்கும் விருந்து இது. முடிவு அன்றைக்கோ மறுநாளோ என்று இருந்தால் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் வாசலிலேயே எண்ணைக் கேட்பார்கள்.

எந்த நாளில் வைத்தாலும் “எவ்வளவு எடுத்தே, அடுத்து என்ன படிக்கப் போறே” என்ற கேள்வி வரத்தான் செய்யும். அன்பால் கேட்கிறார்கள், ஆனால் பதினைந்தாவது தடவை கேட்கும்போது பிள்ளைக்கு அது விசாரணையாகத்தான் படும். ஒரு வரி பதிலை முன்கூட்டியே அவளோடு பேசி வைத்துக்கொள். “இரண்டு மூன்று வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிவானதும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன்” என்றால் போதும். அதோடு அவள் மனசுக்கு நெருங்கிய சித்தியோ மாமாவோ ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி வை. ஒப்பிட்டுப் பேச யாராவது தொடங்கினால் “வா, போட்டோ எடுக்கக் கூப்பிடுகிறார்கள்” என்று அவளை நகர்த்திக்கொண்டு போவது அவர் வேலை.

மூன்று நான்கு வாரம் முன்பே அழைத்துவிடு. அழைப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுது. முடியும் நேரம் இல்லையென்றால் ஆட்கள் சொட்டுச் சொட்டாக வருவார்கள், சாப்பாடு தள்ளிப் போகும், நான் மேலே போட்ட நிமிடக் கணக்கெல்லாம் குலைந்துவிடும். “வருவீர்களா?” என்று கேட்காமல் “எத்தனை பேர் வருகிறீர்கள்? பத்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள்” என்று கேள். எண்ணாகக் கேட்டால் எண்ணாகப் பதில் வரும். பதில் வராதவர்களை அந்தத் தேதிக்கு மறுநாளே போனில் பிடி.

சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன ஏற்பாடு பெரிய வித்தியாசம் செய்யும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாதே, நடுவில் இழுத்துப் போடு. தட்டை எடுத்துப் பரிமாறிக்கொண்டு நகர ஒருவருக்கு அரை நிமிடம் என்றால், ஒரு பக்கமாக 40 பேர் போக 20 நிமிடம். இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்தால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு ஒவ்வொரு பாத்திரத்திலும் இரண்டு கரண்டி இருக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தட்டு வரிசையின் தொடக்கத்தில் இருக்கட்டும், ஸ்பூனும் கைத்துண்டும் கடைசியில். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கையில் கொடுத்தால் பரிமாறிக்கொள்ளக் கை இருக்காது. தண்ணீரை அந்த மேசையில் வைக்கவே வைக்காதே, நாலைந்து அடி தள்ளி இன்னொரு மேசையில் வை. ஒருவர் டம்ளரை நிரப்பிக்கொண்டு நின்றால் பின்னால் இருக்கும் பத்துப் பேரும் நிற்க வேண்டியதுதான். தண்ணீர் ஒருவருக்கு முதல் மணி நேரத்தில் இரண்டு டம்ளர், பிறகு மணிக்கு ஒன்று. 200 மில்லி டம்ளர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு 40 பேருக்கு 32 லிட்டர் ஆகும். வெயில் நாளானால் 40 லிட்டராக வைத்துக்கொள். டம்ளர்களை மட்டும் தலைக்கு மூன்று வாங்கு, எங்கே வைத்தோம் என்று தெரியாமல் எல்லோரும் புதிதாக எடுப்பார்கள். பக்கத்திலேயே ஒரு மார்க்கர் பேனா வைத்துப் பெயர் எழுதச் சொன்னால் இரண்டே போதும்.

சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் மேசைக்குக் கொண்டுவராமல் பாதியைச் சூடாக உள்ளே வைத்துக்கொண்டு, பாத்திரம் காலியானதும் வேறு பாத்திரத்தில் மாற்று. பழையதன் மேலேயே புதியதைக் கொட்டக் கூடாது. சோற்றில் இன்னும் கறாராக இரு. அதில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, வெளியில் கிடக்கும்போது அவை வளர்ந்து உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மிச்சத்தை எடுத்து வைப்பதானால் அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வை. ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆறவே ஆறாது.

பெரியவர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும், இருக்கை தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டே ஓரிடத்திலேயே இருந்துவிடுவார்கள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி உட்கார வை. இசைச் சத்தம் இருந்தால் காது கேட்கும் கருவி போட்டவர்களுக்குப் பேச்சு புரியாது. பேத்தியோடு பேச வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை.

இப்போது பழைய படங்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், நேரத்தை ஒதுக்கி நிதானமாகச் செய். 60 படம், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி, மொத்தம் 5 நிமிடம். அதற்கு மேல் போனால் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும். தாள் படங்களை ஸ்கேன் செய்ய அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், 10க்கு 15 சென்டிமீட்டர் படம் சுமார் 1200க்கு 1800 பிக்சலாக வரும், திரைக்குத் தாராளம். இரண்டு மடங்காகப் பெரிதாக்கி அச்சடிக்க வேண்டுமானால் 600 வை. ஸ்கேனர் இல்லாமல் போனில் எடுப்பதானால் பிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படத்தை வைத்து எடு. பளபளப்பில் உன் நிழலுருவமே தெரிந்தால் போனுக்குப் பின்னால் கறுப்புத் துணியை யாராவது பிடிக்கட்டும். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தை நகத்தால் நெம்பாதே, மூலை கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல மெல்ல இழுத்துக்கொண்டு வா. அப்படியும் வரவில்லையென்றால் ஆல்பத்தில் இருக்கும்படியே படம் எடுத்துக்கொள். அடுக்கி முடித்ததும் அழைப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஓடவிட்டுப் பார். வருகிற ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு முகமாவது திரையில் வர வேண்டும். அவளைத் தோளில் தூக்கி நிற்கும் தாத்தாவின் படம் வரும்போது அந்த அறை எப்படி அமைதியாகும் என்று பார். புரொஜெக்டர் என்றால் இருட்டிய பிறகு போடு, பகல் வெளிச்சத்தில் முகமே தெரியாது.

குழுப் படத்தில் யாராவது கண்ணை மூடிவிடுவது இயல்பு. ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் இதற்கே கணக்குப் போட்டு 2006ல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் வேடிக்கைப் பரிசு அது. 20 பேருக்குக் குறைவான குழுவானால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகு, மங்கலில் இரண்டால் வகு, அத்தனை முறை எடுத்தால் எல்லோர் கண்ணும் திறந்த படம் ஒன்று கிடைத்துவிடும். 18 பேர் என்றால் ஆறு அல்லது ஒன்பது. 40 பேரும் நிற்கும் படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடு, சாப்பிட்டதும் ஆட்கள் கிளம்பத் தொடங்குவார்கள். முகத்தில் நேர்வெயில் வேண்டாம், எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். கட்டடத்தின் நிழலில், வெளிச்சமான பக்கத்தைப் பார்த்து நிற்க வை.

பள்ளியில் அங்கி கொடுத்திருந்தால் போட்டோவுக்கு அவள் அதைப் போட்டுக்கொள்ளட்டும். பெரும்பாலும் அது பாலியஸ்டர், உறையிலிருந்து எடுக்கும்போது கட்டம் கட்டமாக மடிப்பு இருக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி குறித்திருக்கும் சூட்டில், அதாவது 110 டிகிரியில் தேய். சூடு மிஞ்சினால் இழை நசுங்கிப் பளபளவென்று ஒரு திட்டு விழும், அதை எதைக் கொண்டும் எடுக்க முடியாது. முதலில் உள்மடிப்பு ஓரத்தில் தேய்த்துப் பார்த்துக்கொள்.

நோட்டுப் புத்தகத்தில் வாழ்த்து எழுதச் சொல்லி மேசையில் வைத்தால் நாலு பேர்தான் எழுதுவார்கள், அதுவும் “வாழ்க வளமுடன்” என்று. அதற்குப் பதில் வரும்போதே ஆளுக்கு ஓர் அட்டையும் பேனாவும் கையில் கொடு. அட்டையில் ஒரு கேள்வி அச்சிட்டிருக்கட்டும். “இவளைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நாள்?” சாப்பாடு தொடங்கும் முன் ஒரு சின்னப் பையனை விட்டுப் பெட்டியில் சேகரிக்கச் சொல். பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா மை காயாமல் ஈஷும், சொரசொரப்பான அட்டையும் பால்பாயின்ட் பேனாவும் எடு. அன்று இரவு அவள் அதைப் படிக்கும்போது நீ பக்கத்தில் இரு.

பேச்சு இரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், சாப்பிட்ட பிறகு. பசியோடு இருப்பவர்கள் காதில் எதுவும் ஏறாது. மைக் வைத்தால் பேசுகிறவர் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் நின்றால் அதன் சத்தமே மைக்குக்குள் திரும்பப் போய் ஊளையிடும்.

சான்றிதழைக் காட்சிக்கு வைப்பதானால் நகலை வை. அசலுக்கு லேமினேஷனும் போடாதே, ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. படம் எடுத்துப் பகிர்வதானால் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடு.

யார் என்ன பரிசு கொடுத்தார்கள் என்று வாங்கும்போதே ஒருவர் குறித்துக்கொள்ளட்டும், உறை வேறு பொருள் வேறு என்று மாறிவிடும். இரண்டு வாரத்துக்குள் அவள் கையெழுத்திலேயே நன்றி எழுதட்டும், ஒரு நாளைக்கு மூன்று என்றால் 15 குடும்பத்துக்கு ஐந்தே நாள்.

பட்டியல் தயாரானதும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. எத்தனை குடும்பம் என்று பார்த்து நிமிடக் கணக்கை உனக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி