காட்டேரியும் எங்கள் அம்மாயியும்

டிக்கோயா
ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாத பாவி நான்தான். திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மா சுகம், மூட்டுவலி மழைக்கு மட்டும். பெரியவன் பேராதனையில் இரண்டாம் வருசம். மற்றதெல்லாம் நீ விட்டுப் போனபடியே இருக்கு.

விசயம் இதுதான். பெரியவன் லீவுக்கு வந்தபோது ஒரு இங்கிலீஷ் நாவலை விட்டுவிட்டுப் போனான். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் எழுதிய 'பீப்ஸ்', 2005-ல் வந்தது, இளவட்டங்களுக்கான கதை. இரத்தக் காட்டேரி என்றதும் மூடிவைக்கத்தான் பார்த்தேன். சிரிக்காதே. பீலிக்கரை முனிக்குப் பயந்து உன் தாவணியைக் கிழித்தவள்தான் நான், மறக்கவில்லை.

ஆனால் இதில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. காட்டேரித்தனம் ஒரு ஒட்டுண்ணி நோய், அவ்வளவுதான். நியூயோர்க்கில் ஒரு பையன், நோயைச் சுமக்கிறான், ஆனால் முழுசாக விழவில்லை. தன்னால் தொற்றிய பெண்களைத் தேடிப் பிடிப்பதுதான் அவன் வேலை. நடுநடுவே நிஜ ஒட்டுண்ணிகளைப் பற்றி ஒவ்வொரு அத்தியாயம். பூனையின் குடலில் பெருகும் டொக்சோபிளாஸ்மா எலிக்குள் போனால் எலிக்குப் பூனைப் பயம் விட்டுப்போகுமாம். பூனை எலியைத் தின்னும், கிருமி தன் வீடு போய்ச் சேரும். எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னேன், மணி அடித்தும் ஒரு பயலும் எழும்பவில்லை!

இன்னொன்று கேள். சிலுவை, கண்ணாடி, வெளிச்சம் இதையெல்லாம் காட்டேரி வெறுப்பது ஏன்? நோய் வந்தவர் முன்னே எதை உயிராக நேசித்தாரோ அதைக் கண்டாலே ஆகாமல் போகிறது. கதையில் ஒருத்திக்கு எல்விஸ் என்றால் உயிர்; அப்புறம் எல்விஸ் பொருளைக் காட்டித்தான் அவளை மடக்குகிறார்கள். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் இந்த நோய் வந்திருந்தால் உங்கள் பெரியப்பாவுக்கு வாத்தியார் எம்.ஜி.ஆர். படம் ஒன்று போதும். நாவலப்பிட்டியில் பிறந்த மனுசன் என்று அடித்துச் சொல்வாரே, பாவம், அலறி ஓடியிருப்பார்.

இவ்வளவும் வேடிக்கை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது கொக்கிப்புழுவால்.

வகுப்பில் வருசா வருசம் நடத்துகிற பாடம்தான். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், இரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறும், சளியோடு விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும், அங்கே கவ்விக்கொண்டு குடிக்கும். நம் பக்கத்து வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலீட்டர். நூறு புழு இருந்தால் 3. மாசம் 90. கணக்குப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் அம்மாயியை நினைத்துப் பார். செருப்பே போடாத கால். வெளுத்த உதடு. மலை ஏறினால் மூச்சு வாங்கும், எடுத்த கொழுந்தின் நிறை குறையும், கங்காணி அரைப்பேர் போடுவார், அரை நாள் கூலிதான். "சோம்பேறிக் கிழவி" என்று காலையில் ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்திலேயே சொல்வார்கள். வீட்டிலும் சொன்னோம், கமலா. நானும் சொன்னேன். காலில் ஏறும் அட்டையையாவது சவுக்காரம் போட்டு உதறலாம், அது குடிப்பது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாதே.

1916-லேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆட்கள் இந்தப் புழுவை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்திருக்கிறார்கள். அத்தனை வருசம் கழித்துத்தானே நீயும் நானும் பிறந்தோம்? அப்புறமும் நம் லயத்தில் யாருக்கும் அது புழுவாகத் தெரியவில்லை. அம்மாயிக்கு வேப்பிலை அடித்தார்கள், முனி பிடித்தது என்று சேவல் அறுத்தார்கள்.

சோதித்துப் பார்க்காமல் புழுதான் என்று நான் சாதிக்க முடியாது. அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை. உங்கள் அம்மா அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர். அம்மாயி காம்பராச் சுவரைச் சுரண்டி மண் தின்பாளே, அது எப்போது தொடங்கியது என்று மெதுவாகக் கேட்டுச் சொல். இரத்தசோகை உள்ளவர்களுக்கு மண் தின்னும் ஆசை வரும். நாங்கள் கையைத் தட்டிவிட்டு அடிக்கத்தான் செய்தோம்.

புத்தகத்தை அடுத்த கிழமை தபாலில் போடுகிறேன். 47-ஆம் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை என்னுடையது, அவனிடம் சொல்லாதே.

உன்
தேவி