ஹேண்ட் கார்டு இருக்கட்டும், ஸ்போக் கீ எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், மண், கல் பாதைகளில் ஓட்டும் ஆஃப்ரோடு பைக்கைப் பழையதாக வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுவது, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்கள் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். வாங்கிய பிறகு என்ன செய்வது என்ற இடத்தில்தான் எனக்கு வருத்தம். கைப்பிடிக்கு முன்னால் மாட்டும் ஹேண்ட் கார்டு, எல்.இ.டி. விளக்கு, பட்டன் டயர், ஸ்டிக்கர் என்று நீளமாக அடுக்கிவிட்டு, பராமரிப்பு என்று வந்ததும் ‘வாரம் ஒரு வாட்டர் சர்வீஸ் விடுங்கள், ஏர் ஃபில்டரை கம்ப்ரஸர் காற்றில் ஊதுங்கள்’ என்று முடித்துவிட்டார்கள். அந்த இரண்டையும் நான் செய்து பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தேயிலை. தோட்டத்துக்குப் போகும் பாதையில் பாதி மண், பாதி உருண்டைக் கல். கோவையில் ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து ஹீரோ கம்பெனியின் ஆஃப்ரோடு பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 2019-ல் அந்த வண்டி வந்த புதிதில் கார்ப்பரேட்டர் மாடலுக்கு ஷோரூம் விலை 97,000 ரூபாய். அதில் பாதிக்கும் சற்று மேலே கொடுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஹேண்ட் கார்டு, கூடுதல் விளக்கு எல்லாம் மாட்டியிருந்தார். வண்டியோடு வர வேண்டிய டூல் கிட் மட்டும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் மழைக்குப் பிறகு வண்டி முழுக்கச் சேறு. வாட்டர் சர்வீஸ் விட்டேன். அங்கிருந்த பையன் பாவம், நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றுதான் பிரஷர் தண்ணீரைச் சக்கரத்தின் அச்சுக்கு நேராகப் பிடித்தான். மூன்று வாரம் கழித்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பின் சக்கரத்தில் ‘ங்ங்’ என்று ஒரு முனகல். கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸே இல்லை, துருப்பொடிதான் கொட்டியது. சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இப்போது வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் ஷாம்பு. பைப்பைத் திறந்தாலும் மெதுவாகத்தான். சைலன்சர் வாயில் துணியை அடைத்துக்கொள்வேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கம் பைப்பைக் காட்டுவதே இல்லை.

அந்த ஃபில்டர் விஷயம். என் வண்டியில் இருப்பது பேப்பர் ஃபில்டர். கம்ப்ரஸர் காற்றை நேராக அடித்தால் பேப்பர் கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூசிக்கு வழி தெரியும். நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். பேப்பர் என்றால் மாற்றத்தான் வேண்டும். மண் பாதையில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டும். நான் எப்போதும் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். பந்தய டர்ட் பைக்குகளில் வருவது ஃபோம் ஃபில்டர். அதை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலைத் தடவிக் கையால் அழுத்த வேண்டும். துணி பிழிவது போல முறுக்கினால் கிழிந்துவிடும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசை விட்டுவிடும்.

சரி, என் டூல் பெட்டிக்கு வருகிறேன். பாலைவனத்தில் பல நாள் நடக்கும் டக்கார் ராலி பந்தயத்தில் உதவிக்கு ஆளே இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு உண்டு. அவர்களுக்கு 80 லிட்டர் டிரங்குப் பெட்டி ஒன்றுதான் பெரிய சொத்து. என்னுடையது பழைய பிஸ்கட் டின். 8, 10, 12, 14, 17 அளவுகளில் ரிங் ஸ்பேனர், 8-க்கும் 10-க்கும் டி ஸ்பேனர், ஆலன் கீ செட், இரண்டு திருப்புளி, கட்டிங் பிளையர். பின் அச்சு நட்டுக்கு மட்டும் வண்டியில் அளந்து பார்த்துத் தனியாக ஒன்று. பாதிக்கு மேல் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியவை. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் மட்டும் புதிதாக வாங்கினேன். முன்பு வண்டியை வைத்திருந்தவர், எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை முறுக்கிய முறுக்கில் மரை போயிருந்தது. அலுமினியத்தில் மரை போட ஆன செலவில் இரண்டு டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கலாம்.

இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவே முடியாவிட்டால் என்ன பராமரிப்பு? தோட்டத்தில் விழுந்த சில்வர் ஓக் மரத்தில் ஒரு முட்டு செய்துகொண்டேன். எஞ்சினுக்கு அடியில் கொடுத்தால் சக்கரம் தரையை விட்டு எழும்பும். மாதம் ஒரு முறை அப்படி நிறுத்தி, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுவேன். இறுக்கமானது ‘ணங்’ என்கும், தளர்ந்தது ‘டொக்’ என்கும். தளர்ந்ததை, ஸ்போக்கின் முனையைத் திருகும் சின்னச் சாவியான ஸ்போக் கீயால் கால் சுற்று, அவ்வளவுதான். ஒரேயடியாக இறுக்கினால் ரிம் கோணிவிடும். அலாய் வீல் வந்த பிறகு ஊரில் ஸ்போக் இழுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பஞ்சரும் அப்படித்தான். ஸ்போக் வீல் என்பதால் டியூப். முன் சக்கரம் 21 இஞ்ச். மலைப் பாதையில் இருக்கும் பஞ்சர் கடையில் 21 இஞ்ச் டியூபைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஹிமாலயன் பைக் வைத்திருக்கும் யாரிடமாவது இருந்தால் உண்டு. ஆகவே ஒரு 21 இஞ்ச் டியூப் எப்போதும் என் பையில். அவசரத்துக்கு 18 இஞ்ச் பின் சக்கரத்திலும் அதையே மடங்காமல் திணித்து வீடு வந்து சேரலாம். கூடவே இரண்டு டயர் லீவர், ஒட்டுப் போடும் பொருள்கள், கைப்பம்ப், ஒரு பொட்டலம் முகப் பவுடர். பவுடர் தடவிய டியூப் டயருக்குள் வழுக்கிக்கொண்டு உட்காரும். முதல் தடவை லீவராலேயே புது டியூபைக் கடித்து ஓட்டையாக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செயினுக்கு மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், 90 கியர் ஆயில். மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு என்று பெட்ரோலை ஊற்றிவிடாதீர்கள், கண்ணிகளுக்கு இடையில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின் என்றால் அந்த ரப்பர் போய்விடும். இன்னொன்று: செயின் தொய்வாக இருக்கிறதே என்று சாதாரண பைக் போல விறைப்பாக இழுத்துவிடக் கூடாது. இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் நிறைய அமுங்கும். அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். கம்பெனி சொன்ன தொய்வை விடுங்கள்.

ஃபோர்க் சீலில் எண்ணெய் கசிந்தால் உடனே சீல் மாற்ற ஓடாதீர்கள். பல நேரம் சீலின் உதட்டில் ஒரு மண் துகள் சிக்கியிருக்கும். என் முழங்காலுக்கு எடுத்த பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தில் கொக்கி போலச் செதுக்கினேன். மேலே இருக்கும் தூசி மூடியைக் கீழிருந்து நெம்பித் தூக்கிவிட்டு, அந்தத் துண்டை சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் கறுப்பாக மண் ஒட்டிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு இன்னொரு சுற்று. கசிவு நின்றது. வீட்டில் எல்லாரிடமும் எக்ஸ்ரே இருக்கிறதே, அதைப் பரணில் வைத்து என்ன செய்யப் போகிறோம்?

பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை மூடியில் என்ன டாட் (DOT) எண் போட்டிருக்கிறதோ அந்த வகைதான், சின்ன பாட்டிலாக. திறந்துவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க மீன் தொட்டிக் கடையில் விற்கும் மெல்லிய டியூபும் ஒரு காலி பாட்டிலும் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் என்னுடையது இருமல் மருந்து பாட்டில். எஞ்சின் ஆயில் வாங்கும்போது டின்னில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான ஜாசோ (JASO) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம். எடுத்த பழைய ஆயிலைத் தேயிலைச் செடிக்கு நடுவில் கொட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் குடிநீர் ஊற்றும் அதே சரிவில்தான் இருக்கிறது. கேனில் சேர்த்துவைத்துப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

அப்புறம் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டுக்கு கிரீஸ், ஒரு உபரி கிளட்ச் கேபிள், இன்சுலேஷன் டேப், கட்டுக் கம்பி, எம்-சீல். பச்சைத் தேயிலை விலை இப்போதிருக்கும் நிலையிலும் ஆறேழு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டேன். டார்க் ரெஞ்சை விட்டுவிட்டால் ஆன செலவு, அந்த மாணவர் ஹேண்ட் கார்டுக்கும் விளக்குக்கும் கொடுத்ததாகச் சொன்ன தொகையைவிடக் குறைவு.

அடுத்த இணைப்பில் வாட்டர் சர்வீஸ், கம்ப்ரஸர் இரண்டைப் பற்றியும் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி நேற்றே கம்ப்ரஸர் கடையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.