பூட்டுக்கும் உரிமையாளர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பாதுகாப்பு பற்றிய தங்கள் கட்டுரையில் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க அல்காரிதங்களின் (கணக்கீட்டு வழிமுறைகளின்) காப்புரிமை (பேடன்ட்) குறித்து ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

ஆர்எஸ்ஏ (RSA) என்ற குறியாக்க முறைக்கு அமெரிக்கா 1983இல் காப்புரிமை வழங்கியது. 2000 செப்டம்பர் வரை அங்கே வணிக மென்பொருளில் அதைச் சேர்க்க உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பிற நாடுகளில் அந்தத் தடை இல்லை.

ஓசிபி (OCB) என்ற மற்றொரு குறியாக்க முறையின் கதை இன்னும் வேதனையானது. அத்தனை வேகம், அத்தனை நேர்த்தி! ஆனாலும் காப்புரிமைச் சிக்கலுக்கு அஞ்சி, வைஃபை தரத்தை வகுத்தவர்கள் சிசிஎம் என்ற மாற்று முறைக்குப் போனார்கள். ஓசிபியை உருவாக்கிய பிலிப் ரோகவே 2021இல் தம் காப்புரிமைகளைக் கைவிட்டபோது காலம் கடந்திருந்தது.

நம் இளம் நிரலாளர்கள் பலர் தாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மூல நிரலின் உரிமத்தை மேலோட்டமாகப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அத்தகைய உரிமங்களில் ஒன்றான அப்பாச்சி 2.0, நிரலுக்குப் பங்களித்தவர்களின் காப்புரிமையைப் பயன்படுத்தவும் வெளிப்படையாக அனுமதி தருகிறது. மற்றொன்றான எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை என்ற சொல்லே கிடையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு அல்காரிதங்களை விலக்கிவைத்திருப்பது உண்மைதான். அமெரிக்காவில் விற்கும் மென்பொருளுக்கு அது கவசமாகாது. கணினிப் பொறியியல் பாடத்திட்டத்தில் இதற்குச் சில வகுப்புகளாவது ஒதுக்க வேண்டும்.

– மென்பொருள் பயிற்றுநர், கோவை